கர்ப்பப்பை ஆபரேஷன் தையலில் நீர் கசிகிறது, திங்கள்கிழமை வரை பொறுக்கலாமா?

ஒட்டன்சத்திரத்துக்காரன்:

அம்மாவுக்கு 58 வயது. பல வருடமாகச் சர்க்கரை உண்டு. கர்ப்பப்பையில் கட்டி என்று மதுரையில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இன்று ஒன்பதாவது நாள். தையல் பிரிக்க வரும் திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

தொப்புளுக்குக் கீழே நெடுக்காகத் தையல். அதன் கீழ் முனையில், வயிற்று மடிப்பு விழும் இடத்தில், நேற்றிலிருந்து நீர் கசிகிறது. பாவாடையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் கறை. அம்மா என்னிடம் காட்ட மாட்டேன் என்கிறார், என் மனைவிதான் பார்த்துச் சொல்கிறாள். சிவப்பு எதுவும் இல்லையாம். ஓரம் மட்டும் கறுத்துப் பளபளவென்று இருக்கிறதாம், தொட்டால் கெட்டியாக இருக்கிறதாம். காய்ச்சல் இல்லை. ஆனால் மூன்று நாளைக்கு முன்னால் எழுந்து நடந்தவர், இப்போது இருமினாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்.

மருந்துக்கடையில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையும் மேலே தூவ ஒரு பவுடரும் கொடுத்தார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை. பெரியம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போடச் சொல்கிறார். சீழ் வைக்கும் என்று முட்டை, பருப்பு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது. மதுரைக்குப் பஸ்ஸில் அலைக்கழிக்க யோசனையாக இருக்கிறது. திங்கள் வரை பொறுக்கலாமா?

குடல்வால் கோபால்:

பயப்படாதீங்க ப்ரோ. எனக்கும் குடல்வால் ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படித்தான் தண்ணியாக வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, தோலுக்கு அடியில் தேங்கிய நீர், சீழ் இல்லை என்றார். ரெண்டு தடவை ஊசியில் உறிஞ்சி எடுத்தார், நின்றுவிட்டது.

வார்டு அக்கா:

தம்பி, திங்கள் வரை வேண்டாம். இன்றே காட்டுங்கள். அறுவை சிகிச்சை வார்டில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆன்லைனில் புண்ணைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி போதும்: முன்பு நடந்தவர் இப்போது வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்.

தையல் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். நாலாம் நாள், ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறைந்துகொண்டே வந்த வலி திரும்பி ஏறினால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். ரவுண்ட்ஸில் டாக்டர் வருவதற்கு முன்பே நாங்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்வோம். "நேற்றைவிட இன்று எப்படி?" என்ற ஒரு கேள்வி, காய்ச்சல் பார்ப்பதைவிட முன்கூட்டியே சொல்லிவிடும். தையலில் சீழ் பிடிப்பது பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள்தான் வெளியே தெரியும். அம்மா சரியாக அந்தக் கணக்கில் இருக்கிறார். ஆபரேஷன் ஆகி முப்பது நாள் வரை இப்படி வரலாம், குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்தவர்களுக்கு 90 நாள் வரைகூட.

சிவப்பு இல்லை என்று உங்கள் மனைவி சொன்னது எனக்கு ஆச்சரியமில்லை. சிவந்து போகும் என்று எழுதியவர்கள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதினார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு எளிதில் தெரியாது. தோல் இன்னும் கறுக்கும், ஊதா படரும், இழுத்துக் கட்டியது போல் பளபளக்கும். அவள் பார்த்தது அதுவாக இருக்கலாம். கண்ணை நம்பாமல் கையை நம்ப வேண்டும்: புறங்கையைத் தையலுக்குப் பக்கத்திலும், தள்ளி இடுப்புப் பக்கத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிடம் மட்டும் கணகணவென்று இருந்தால் சரியில்லை. கெட்டியாக இருக்கும் இடத்தின் எல்லையைப் பால்பாயிண்ட் பேனாவால் சுற்றி வரைந்து மணி எழுதிவைக்கட்டும். கெட்டி கோட்டைத் தாண்டினால் டாக்டரிடம் காட்ட அதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை.

காய்ச்சல் இல்லை என்பதிலும் ஆறுதல் அடைய வேண்டாம். சர்க்கரைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் சீழ் கட்டியிருந்தும் காய்ச்சல் வராமல் இருப்பதுண்டு. வலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டிருந்தால் வரும் காய்ச்சலையும் அது மூடிவிடும்.

கோபால் தம்பி சொன்னது பொய் இல்லை, அப்படியும் நடக்கும். தேங்கும் நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக, வாடையில்லாமல் இருக்கும், அதோடு வலி ஏறாது. சீழ் கலங்கலாக, கெட்டியாக, மஞ்சளோ பச்சையோ கலந்து வரும், வாடை இருக்கலாம். ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பாவாடைத் துணியில் எல்லாக் கறையும் ஒன்று போலத்தான் தெரியும்.

மூன்றாவதாக ஒரு நீர் உண்டு, அதை மட்டும் இங்கே படிக்கிற எல்லோரும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கலந்த இளஞ்சிவப்புத் தண்ணீர் திடீரென்று, கட்டு முழுவதும் நனையும்படி வருவது. பெரும்பாலும் இருமியதும் தும்மியதும் வரும், "உள்ளே ஏதோ விட்டது மாதிரி இருந்தது" என்பார்கள். வயிற்றுக்குள் போட்ட ஆழமான தையல் பிரிகிறது என்று பொருள். அடுத்து குடல் வெளியே வரலாம். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடக்கி, சலைனிலோ (கிருமி நீக்கிய உப்பு நீர்) காய்ச்சி ஆறிய நீரிலோ நனைத்த சுத்தமான துணியால் மூடி, 108-ஐக் கூப்பிட வேண்டும். எதையும் உள்ளே தள்ள முயலக் கூடாது. வாய் வழியாகத் தண்ணீர்கூட வேண்டாம், நேராக ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் கொண்டுபோவார்கள்.

அதே அவசரம் இன்னொன்றுக்கும் உண்டு. பார்க்கப் புண் சின்னதாக இருக்கும், வலியோ தாங்க முடியாது. தோலில் நீலமோ கறுப்போ திட்டாகப் பரவும், கொப்புளம் எழும், அழுத்தினால் நறநறக்கும், ஆள் சோர்ந்து உளறுவார். அது தசையைத் தின்கிற கிருமி. அதற்கு விடியட்டும் என்று பார்க்கக் கூடாது.

உங்கள் மனைவியிடம் ஒன்று தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். வெள்ளைப்படுதல் நாற்றத்துடன் வருகிறதா, அடிவயிற்றின் ஆழத்தில் வலிக்கிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா என்று. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு மேல் தையல் மட்டுமல்ல, உள்ளே போட்ட தையலும் சீழ் பிடிக்கும். அம்மா மகனிடம் இதைச் சொல்ல மாட்டார், டாக்டர் கேட்கும்போது மகன் பக்கத்தில் நின்றாலும் சொல்ல மாட்டார். நீங்கள் கொஞ்சம் வெளியே நில்லுங்கள்.

மாத்திரையை ஆரம்பிக்காமல் இருந்தீர்கள், நல்லது. சீழை எடுத்துக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்புவதற்கு முன்னால் ஆன்டிபயாடிக் போட்டால் சில சமயம் ரிப்போர்ட்டில் ஒன்றும் வளராது. அப்புறம் எந்தக் கிருமி என்றே தெரியாமல் மருந்தை மாற்றி மாற்றிப் போட வேண்டியதுதான். பவுடர் தூவினால் அது நீரோடு சேர்ந்து காறையாகி மேலே ஒரு மூடி போட்டுவிடும், சீழ் அடியில் வேலையைப் பார்க்கும். மஞ்சள், வேப்பிலை அரைத்துப் போடுவதும் அப்படித்தான், அதோடு அம்மிக்கல்லில் இருப்பதெல்லாம் புண்ணுக்குள் போகும். பெரியம்மா நல்ல மனதோடுதான் சொல்கிறார். கோபித்துக்கொள்ளாமல், "பற்றுப் போட வேண்டாம் என்று ஒரு சிஸ்டர் சொன்னார்" என்று என் பெயரில் சொல்லிவிடுங்கள்.

பாவாடையை முதலில் மாற்றுங்கள். நாடா தையலின் குறுக்கே அழுந்தும், வேர்வை மடிப்பில் தேங்கும். தளர்வான பருத்தி நைட்டி போதும்.

முட்டையையும் பருப்பையும் திரும்பக் கொடுங்கள். முட்டை தின்று யாருக்கும் சீழ் வைத்ததில்லை. புண் ஆறப் புரதம் வேண்டும், அதைத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். கத்தரிக்காய் சாப்பிடாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது, அதைப் பெரியம்மாவுக்கு விட்டுக்கொடுங்கள்.

மதுரை மருத்துவமனைக்கு இப்போதே போன் செய்து விவரம் சொல்லுங்கள். உடனே மதுரைக்குப் போக முடியாது என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆட்டோவில் போங்கள், பஸ் வேண்டாம்.

ஒட்டன்சத்திரத்துக்காரன்:

அக்கா, நேற்று மதியமே கார் பிடித்து மதுரைக்கே போய்விட்டோம். கீழ் முனையில் மூன்று தையலைப் பிரித்தார்கள். பிரித்ததும் மஞ்சளாகச் சீழ் வந்தது, ஒரு சின்ன டம்ளர் அளவு இருக்கும். கல்ச்சருக்கு எடுத்தார்கள். ஸ்கேன் பார்த்துவிட்டு உள்ளே ஒன்றும் இல்லை, தோலுக்கும் கொழுப்புக்கும் இடையில்தான் என்றார்கள். சுகர் 312 இருந்ததாம், இன்சுலின் ஆரம்பித்திருக்கிறார்கள். ராத்திரியே அம்மாவுக்கு வலி பாதி குறைந்துவிட்டது.

எனக்குப் புரியாதது, பிரித்த இடத்தைத் திரும்பத் தைக்கவில்லை. விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளமாக அப்படியே விட்டுத் துணியை அடைத்துக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிடுவார்களாம், வீட்டில் தினமும் டிரெஸ்ஸிங் செய்ய வேண்டுமாம். திறந்த புண்ணோடு அனுப்புவது சரியா? மாத்திரையை மட்டும் அதிகப்படுத்தி மூடியே வைத்திருக்க முடியாதா?

வார்டு அக்கா:

வலி ராத்திரியே குறைந்தது என்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. சீழுக்கு வழி விடுவதுதான் வைத்தியம். கட்டி நின்ற சீழுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரை ரத்தத்தில்தான் போகும். மூடி வைத்து எவ்வளவு விலையான ஊசி போட்டாலும் நடுவில் இருக்கிற கிருமியை அது எட்டாது. உள்ளதைச் சொன்னால், சீழ் தையலோடு நின்றிருந்தால் திறந்து கழுவிவிட்டாலே பலருக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாது. தையல் ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் தாண்டிக் கன்றிப்போயிருந்தால், காய்ச்சல் 101-க்கு மேல் போனால், நாடி 110-ஐத் தாண்டினால், அப்போது மருந்தும் சேர வேண்டும். அம்மாவுக்குச் சுகர் வேறு இருப்பதால் டாக்டர் தனியாகக் கணக்குப் போட்டிருப்பார்.

திரும்பத் தைத்தால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும். அதனால் அடியிலிருந்து மேலே சதை வளர்ந்து தானாக மூட விடுவார்கள். சில வாரம் ஆகும். நன்றாகச் சுத்தமான பிறகு சிலருக்குத் திரும்பத் தைப்பதும் உண்டு, பெரிய பள்ளமாக இருந்தால் உறிஞ்சும் மெஷின் வைத்துக் கட்டுவார்கள். விரல் அளவுக்கு அதெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது.

வீட்டு டிரெஸ்ஸிங்கை உங்கள் மனைவி டிஸ்சார்ஜுக்கு முன்னால் வார்டு சிஸ்டர் எதிரில் ஒரு தடவை தன் கையால் செய்துவிட்டு வரட்டும். வேடிக்கை பார்த்தால் வராது. பயமாக இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தினமும் செய்துகொள்ளலாம்.

வீட்டில் செய்வதானால் நான் செய்கிற வழி இது. கட்டு மாற்ற அரை மணிக்கு முன் வலி மாத்திரை. சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவி, துடைத்து, கிளவுஸ். பழைய காஸ் (உள்ளே அடைத்த வலைத்துணி) ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், சலைனை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் அதுவாக வரும். வறண்ட காஸை வெடுக்கென்று பிடுங்கினால் புதிதாக வளர்ந்த சதையும் கூடவே வரும், அம்மா அடுத்த நாள் உங்களைப் பக்கத்தில் விட மாட்டார். பள்ளத்தைச் சலைனால் தாராளமாகக் கழுவுங்கள். ஸ்பிரிட்டோ ஹைட்ரஜன் பெராக்சைடோ வேண்டாம், நுரை வருவதைப் பார்த்து அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்படுவார்கள், அது நல்ல சதையையும் எரிக்கும். பெட்டாடின் டாக்டர் எழுதியிருந்தால் மட்டும். அப்புறம் சலைனில் நனைத்துப் பிழிந்த காஸைத் தளர்வாக உள்ளே விட வேண்டும். திணித்தால் உள்ளிருக்கும் நீர் வெளியே வர வழி இருக்காது. ஒரு முனை எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். எத்தனை துண்டு உள்ளே வைத்தோம் என்று பிளாஸ்டர் மேலேயே எழுதுங்கள், மறுநாள் அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணுங்கள். மாதக்கணக்கில் ஆறாத புண் என்று வந்தவர்களிடம் உள்ளே மறந்துபோன காஸ் துண்டை எடுத்த அனுபவம் எங்கள் வார்டில் எல்லா சிஸ்டருக்கும் உண்டு.

ஒவ்வொரு நாளும் பள்ளத்தின் நிறத்தைப் பாருங்கள். மாதுளை முத்து போலப் பொடிப்பொடியாகச் சிவந்து, தொட்டால் லேசாக ரத்தம் கசிந்தால் நன்றாக வளர்கிறது. மஞ்சளாகச் சவ்வு ஒட்டியிருந்தால் அடுத்த விசிட்டில் சொல்லுங்கள், அதைச் சுரண்டி எடுப்பார்கள். கறுப்பு தெரிந்தால் அன்றே போங்கள். கட்டைப் பிரித்ததும் வரும் வாடையைப் பெரிதாக எடுக்க வேண்டாம், கழுவிய பிறகும் வாடை இருந்தால்தான் யோசனை.

312 என்றீர்கள். சீழ் சுகரை ஏற்றும், ஏறிய சுகர் சீழை வளர்க்கும், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். 180-க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். இன்சுலின் ஆரம்பித்தால் ஆயுள் முழுக்கப் போட வேண்டுமோ என்று அம்மா அழுவார், முக்கால்வாசிப் பேர் அழுவார்கள். புண் ஆறியதும் பலர் மாத்திரைக்கே திரும்பிவிடுவார்கள் என்று சொல்லுங்கள்.

ஒட்டன்சத்திரத்துக்காரன்:

அப்படியே அழுதார் அக்கா. கல்ச்சர் ரிப்போர்ட் வந்துவிட்டது. ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று போட்டு, கீழே ஒரு பட்டியலில் மருந்துப் பெயர்களும் பக்கத்தில் எஸ், ஆர் என்றும் இருக்கிறது. டாக்டர் ஒரே ஒரு மாத்திரைதான் எழுதியிருக்கிறார். எஸ் என்று ஏழெட்டு இருக்கிறதே?

வார்டு அக்கா:

எஸ் என்றால் அந்தக் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும், ஆர் என்றால் கட்டுப்படாது. ஏழெட்டு எஸ் இருப்பது அதிர்ஷ்டம், ஏழெட்டையும் சாப்பிட வேண்டும் என்பதில்லை. அதில் சில வகைக் கிருமிகளை மட்டும் குறிவைத்து வேலை செய்கிற ஒன்றை எடுத்து மற்றதைப் பின்னால் தேவைப்பட்டால் என்று வைப்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் வந்து போகிற கிருமிதான், தையலில் சீழ் வைப்பதில் முதலிடம் அதற்கு.

பித்தப்பை_திருச்சி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கு வேறு மாதிரி. லேப்ராஸ்கோப்பியில் (சிறு ஓட்டைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷன்) பித்தப்பை எடுத்தார்கள். தொப்புள் ஓட்டை நன்றாக ஆறி, வேலைக்கும் போய்விட்டான். ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகு அந்த இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு, உடைந்து தண்ணியாக ஒழுகியது. வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆன்டிபயாடிக் போட்டால் நிற்கும், விட்டால் திரும்ப வரும். ஒரு இடத்தில் டிபி என்று மாத்திரை ஆரம்பிக்கப் பார்த்தார்கள். கடைசியில் சதைத் துணுக்கை எடுத்து ஸ்பெஷல் கல்ச்சர் செய்து, டிபி குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கிருமி என்று கண்டுபிடித்தார்கள். கிளாரித்ரோமைசினோடு இன்னொரு மருந்தும் சேர்த்து மாதக்கணக்கில். இது எங்கிருந்து வருகிறது அக்கா?

வார்டு அக்கா:

பெரும்பாலும் தண்ணீரிலிருந்து. லேப்ராஸ்கோப்பிக் கருவிகள் நீளமாக, உள்ளே குழாயாக, மூட்டு மூட்டாக இருக்கும். ஒரு கேஸ் முடிந்து அடுத்த கேஸுக்குள் ஆட்டோகிளேவ் செய்ய (அழுத்த நீராவியில் கிருமி நீக்க) நேரமில்லை என்று குளூட்டரால்டிஹைடு கரைசலில் இருபது நிமிஷம் ஊறவைத்து எடுக்கிற பழக்கம் பல இடங்களில் இருந்தது. சாதாரணக் கிருமிகள் அதில் செத்துவிடும். முழுமையாகக் கிருமி நீங்க பத்து மணி நேரம் வரை ஊற வேண்டும். மூட்டுக்குள் ரத்தமும் சதையும் ஒட்டியிருந்தால் கரைசல் அங்கே எட்டவே எட்டாது. போதாததற்கு, ஊறியதை எடுத்து ஸ்டெரைல் இல்லாத தண்ணீரில் அலசுவார்கள். இந்தக் கிருமிக்குத் தண்ணீர்தான் வீடு, அலசும்போது திரும்ப ஏறிக்கொள்ளும். கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஆட்டோகிளேவோ வாயு ஸ்டெரிலைசேஷனோ செய்தால் இந்தத் தொல்லை வராது. தியேட்டர் சிஸ்டர்கள் இதற்காகச் சண்டை போட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், கேஸ் எண்ணிக்கை குறையும் என்று யாருக்கும் பிடிக்காது.

ஆறிய லேப்ராஸ்கோப்பித் தழும்பில் வாரங்கள் கழித்து வலியில்லாத முடிச்சு வந்தால், சாதாரணக் கல்ச்சரோடு ஏஎஃப்பி பரிசோதனையும் (டிபி குடும்பத்துக் கிருமிகளைத் தேடுவது) கேளுங்கள். சாதாரணக் கல்ச்சரில் பெரும்பாலும் ஒன்றும் வளரவில்லை என்றே வரும். தம்பிக்கு மருந்தை நடுவில் நிறுத்த வேண்டாம், தோல் மூடிய பிறகும் டாக்டர் சொல்கிற வரை.

ஒட்டன்சத்திரத்துக்காரன்:

கடைசியாக இரண்டு சந்தேகம் அக்கா. அம்மா குளிக்காமல் இருப்பது முடியவில்லை என்கிறார். அப்புறம் சலைன் பாட்டில் அரை லிட்டர், ஒரு நாளைக்குக் கால்வாசிதான் செலவாகிறது, ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பயன்படுத்தலாமா?

வார்டு அக்கா:

குளிப்பதை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கட்டு மாற்றுகிற நேரத்துக்குச் சற்று முன்பாக வைத்துக்கொள்ளுங்கள். சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம், தொட்டியில் உட்கார்வதும் ஆற்றில் இறங்குவதும் வேண்டாம். குளித்ததும் கட்டைப் பிரித்துக் கழுவிப் புதிதாகக் கட்டுங்கள். மடிப்பைத் தனித் துண்டால் ஒற்றிக் காயவையுங்கள்.

சலைன், திறந்து 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிடுங்கள், ஃபிரிட்ஜில் இருந்தாலும். சின்ன 100 மில்லி பாட்டில் கிடைக்கும், அதை வாங்குங்கள். கிடைக்காத அன்று, மூடி போட்டு நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் போதும், அன்றன்றைக்குக் காய்ச்சியதாக இருக்க வேண்டும். திங்கள்கிழமை மீதித் தையலைப் பிரிக்கப் போகும்போது சுகர் நோட்டையும் எடுத்துப் போங்கள்.